ஆவணத்தில் முரண்பாடு என்று வங்கி சொன்னால்

வடக்கிலிருந்து நண்டும் இறாலும் வெளிநாடுகளுக்குப் போகின்றன. சரக்குப் போய்ச் சேர்ந்தும் பணம் வராமல் நிற்பதுண்டு. எல்.சி. எனப்படும் நாணயக் கடிதத்தோடு ஆவணங்கள் ஒத்துப்போகாதது அதற்கு ஒரு காரணம்.

வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. தாளை மட்டுமே பார்க்கும். பெரும்பாலான எல்.சி.கள் 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த யு.சி.பி. 600 விதிகளுக்கு உட்பட்டவை. அவற்றின்படி, இன்வொய்ஸில் உள்ள பொருள் விவரம் எல்.சி.யிலுள்ளதற்கு ஒத்திருக்க வேண்டும். பொருளை மாற்றாத எழுத்துப்பிழை பொதுவாகப் பாதகமில்லை. எல்.சி. வேறு கெடு விதிக்காவிட்டால், கப்பலேற்றிய 21 நாட்களுக்குள், அதுவும் எல்.சி. காலாவதியாகுமுன், ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும்.

நம்மவர் பலர் கவனிக்காத விதி ஒன்றுண்டு. ஆவணம் கிடைத்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி நாட்களுக்குள், எல்லா முரண்பாடுகளையும் ஒரே அறிவித்தலில் சொல்லியே வங்கி மறுக்க வேண்டும். பிந்தினாலோ, பிறகு புதுப்பிழை கண்டுபிடித்தாலோ, அதைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. ஆகவே அறிவித்தல் வந்த திகதியை முதலில் பாருங்கள்.

கெடு மிச்சமிருந்தால் திருத்திய ஆவணத்தை மீண்டும் கொடுக்கலாம். இல்லையேல் கொள்வனவாளரின் சம்மதத்தை வங்கி கேட்கலாம். சந்தை விலை இறங்கியிருந்தால் அவர் அந்தச் சிறு பிழையைப் பிடித்துக்கொண்டு விலைக்கழிவு கேட்பார். பழுதாகும் கடலுணவுக்காரருக்குப் பேரம் பேச நேரமேது? நிறைவேற்ற முடியாத நிபந்தனை எல்.சி.யில் இருந்தால், கப்பலேற்றுமுன்னரே திருத்தம் கேளுங்கள்.