நட்சத்திரக் குறிக்குக் கீழே: ஓர் அலாஸ்கா விளம்பரத்துக்கு உரை

டல்லாஸில் இருக்கும் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். "மாமா, அம்மாவும் அப்பாவும் மே மாசம் வர்றாங்க. அலாஸ்கா கப்பல்ல கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். இது நல்ல விலையா? இன்னைக்கு ராத்திரியோட முடியுதாம்." ஆமாம், இல்லை என்று பதில் போட முடியாத விளம்பரம் அது. கம்பெனி பெயரை நீக்கிவிட்டுத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்.

மூலம்:

சியாட்டிலிலிருந்து சியாட்டிலுக்கு 7 இரவு அலாஸ்காப் பயணம். பனியாறு பார்க்கலாம். ஒருவருக்கு 699 டாலர் முதல்.* மூன்றாவது, நான்காவது பயணிக்குக் கட்டணம் இல்லை. குடிவகையும் வைஃபையும் இலவசம். ஓர் அறைக்கு 100 டாலர் கப்பலில் செலவழிக்க. முன்பணம் பாதி. இன்றிரவு வரை மட்டுமே.

*அறைக்கு இருவர் என்ற கணக்கில். வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்ந்தது. சேவைக் கட்டணம் தனி. அறையை நிறுவனம் ஒதுக்கும். முன்பணம் திருப்பித் தரப்படாது.

உரை:

பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், ஓரிடத்தில் நிற்கும் சொல்லை எடுத்துக்கொண்டு போய், பல அடி தள்ளி நிற்கும் சொல்லோடு பொருத்திப் பொருள் சொல்லுவார். அதற்கு மாட்டு என்று பெயர். வலிந்து பொருள் கொள்கிறார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. கப்பல் விளம்பரத்துக்கோ அவர் வழிதான் சரி. மேலே 699 என்று தொடங்கும் வாக்கியம் நட்சத்திரக் குறிக்குக் கீழே போய்த்தான் முடிகிறது.

"சியாட்டிலிலிருந்து சியாட்டிலுக்கு" என்பது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருதல். விமானத்துக்கு ஒரே ஊருக்குப் போக வர டிக்கெட் எடுத்தால் போதும் என்பதால் இது சிக்கனமான வழி என்பார்கள். சரிதான். ஆனால் இந்தச் சொற்றொடருக்குள் மூலத்தில் எங்குமே சொல்லப்படாத ஒரு நாடு ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் 1886-இல் பயணிக் கப்பல் சேவைச் சட்டம் என்று ஒன்று வந்தது. வெளிநாட்டில் பதிவான கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றிச் சுற்றக் கூடாது. இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி மாலையிலோ முந்திய நாளிலோ கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. கொரோனாக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது இந்தச் சட்டத்தால் அலாஸ்காப் பயணமே நின்றுபோயிற்று. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் போட்ட பிறகே கப்பல் ஓடியது.

இதில் நமக்கு என்ன என்றால், அக்காவும் அத்தானும் இந்திய பாஸ்போர்ட்காரர்கள். கனடாவைத் தொடும் கப்பலில் ஏறக் கனடா விசா வேண்டும். "நாங்க விக்டோரியாவுல இறங்கவே மாட்டோம்" என்று சியாட்டில் கவுண்டரில் சொல்லிப் பயனில்லை. விசா இல்லாதவரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கட்டிய பணமும் போகும். விசாக் கட்டணம் ஒருவருக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. இருவருக்கும் சேர்த்து 370. திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டுமே, அதற்கு அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். மருமகனிடம் கிரீன் கார்டு இருக்கிறது, அவனுக்குப் பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். எச்1பி-யில் இருக்கும் நண்பன் யாராவது சேர்ந்து வருவதாக இருந்தால் அவனுக்கும் கனடா விசா வேண்டும். நான் பார்த்த அளவில், அலாஸ்கா போய்ப் பணத்தை விட்டவர்கள் கப்பல் கட்டணத்தில் விடவில்லை, இந்த இடத்தில்தான் விட்டார்கள்.

வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் சூவர்டிலோ விட்டியரிலோ இறங்கும் ஒருவழிப் பயணம் சில வாரங்களில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். போகும் ஊர் வேறு, திரும்பும் ஊர் வேறு என்றால் விமானச் செலவு ஏறும். சூவர்டிலிருந்து ஆங்கரேஜ் விமான நிலையம் போகவும் ரயிலோ பஸ்ஸோ வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் முடிவெடுக்கலாகாது. கனடா விசா அதற்கும் உண்டு.

"7 இரவு" என்பதில் எந்த ஏழு இரவு என்பதே கேள்வி. அலாஸ்காப் பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. பள்ளி விடுமுறையான ஜூன், ஜூலை, ஆகஸ்டில் விலை உச்சத்தில் இருக்கும். மே மாதமும் செப்டம்பரும் இறக்கம். இரண்டில் மே மேல். தென்கிழக்கு அலாஸ்காவில் செப்டம்பர் மழையை நனைந்தவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். மே மாதத்தில் மழை குறைவு, மலை மேல் பனியும் மிச்சமிருக்கும். அக்கா தற்செயலாக நல்ல மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள்.

"பனியாறு பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால், எந்தப் பனியாறு என்று கேட்க வேண்டும். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. அந்த அனுமதி உள்ள கப்பல் விளம்பரத்தில் அந்தப் பெயரை மறக்காமல் போடும். பெயர் போடாத கப்பல் எண்டிகாட் ஆர்ம் போன்ற வேறு நீர்ச்சந்துக்குப் போகும். அதுவும் அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கப்பல்களின் விலையை ஒப்பிடும்போது சரக்கு வேறு என்பது தெரிந்திருந்தால் போதும். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றை ஊரிலிருந்து சுமார் 12 மைல் சாலை வழியாகப் போயே பார்த்துவிடலாம். கப்பலில் விற்கும் சுற்றுலாவை வாங்காமல் துறைமுகத்து வாசலில் வண்டி பிடித்தால் செலவு குறையும். ஒன்றே ஒன்று: கப்பல்காரர் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீயாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. ஸ்கேக்வேயில் தங்க வேட்டைக் காலத்து வொயிட் பாஸ் ரயிலுக்குப் பணம் கொடுக்கலாம். கெச்சிகன் ஊருக்குள் நடக்கும் தூரத்திலேயே பார்க்கப் பல இடங்கள் இருக்கின்றன, அதற்கு யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம்.

"ஒருவருக்கு 699 டாலர் முதல்" என்பதில் உயிர் முழுவதும் 'முதல்' என்ற சொல்லில். ஜன்னல் இல்லாத உள்ளறை, ஆள் வராத வாரம், கப்பலிலேயே குறைந்த வகை, இவை மூன்றும் கூடினால் 699. இங்கே மாட்டுப் போட்டுக் கீழே இறங்க வேண்டும்.

"அறைக்கு இருவர்" என்றால் அறையில் ஒருவர் தனியாகத் தங்கினாலும் ஏறக்குறைய இருவர் பணம் என்று பொருள். தனியாகப் போகிறவர்களுக்காகவே 2010-இல் நார்வீஜியன் எபிக் கப்பலில் 128 சிற்றறைகள் கட்டினார்கள். வேறு சில கப்பல்களிலும் இப்போது ஒற்றை அறைகள் உண்டு. கணவரை இழந்த பெரியம்மாக்களை அழைத்துப் போகிறவர்கள் முதலில் அதைத் தேட வேண்டும்.

"வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்ந்தது" என்பது நல்ல செய்தி, புதிய செய்தியும்கூட. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநிலத்துக்கு மட்டும் தனி விலை காட்டுவானேன் என்று பல கப்பல் நிறுவனங்கள் அமெரிக்கா முழுவதும் அப்படியே மாற்றிக்கொண்டன. அதற்கு முன்பு 499 என்று கவர்ந்து, பணம் கட்டும் பக்கத்தில் இருநூறைச் சேர்ப்பார்கள். அலாஸ்கா மாநிலமே பயணிக்கு 34.50 டாலர் வரி வாங்குகிறது. துறைமுகங்களுக்கு வேறு தனி.

"சேவைக் கட்டணம் தனி" என்பது அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் நழுவிய பகுதி. அறையைச் சுத்தம் செய்கிறவர், பரிமாறுகிறவர் எல்லாருக்குமாகத் தலைக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் ஏற்றுகிறார்கள். 17 என்று வைத்தால், போகிறவர்கள் நான்கு பேர், ஏழு நாள், 476 டாலர். இதைக் கவுண்டரில் போய் நீக்கச் சொல்லலாம் என்று சிக்கனக் குறிப்பு தருகிறவர்கள் உண்டு. அது சிக்கனம் இல்லை. அந்த ஊழியர்களில் பலர் நம் ஊர்ப் பிள்ளைகள். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் வேலை செய்கிறவர்கள். இந்த 476-ஐ முதல் நாளே விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"அறையை நிறுவனம் ஒதுக்கும்" என்பதைக் கேரண்டி அறை என்பார்கள். உத்தரவாதம் என்று பெயரே தவிர, எந்த மாடி, எந்த மூலை என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உன் பணத்துக்கு உரிய வகையோ அதற்கு மேலோ கிடைக்கும். நடன அரங்கின் தலைமாட்டிலும் கிடைக்கும். புதுமணத் தம்பதிக்கு இது லாபம். அத்தானுக்கு மூட்டுவலி, அக்காவுக்குப் பஸ்ஸிலேயே தலைசுற்றல். அவர்களுக்குக் கப்பலின் நடுவில், கீழ் மாடியில், லிப்ட் பக்கத்தில் பார்த்து எடுத்த அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவாகாது.

"மூன்றாவது, நான்காவது பயணிக்குக் கட்டணம் இல்லை" என்பது ஒரே அறையில் நான்கு பேர் என்றால் மட்டும். அவர்களுக்கும் வரி, துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் உண்டு. மூன்றாவது, நான்காவது படுக்கை என்பது பெரும்பாலும் கூரையிலிருந்து இறங்கும் மேல் பெர்த், ஏணி வைத்து ஏற வேண்டும். எட்டு வயதுப் பையனுக்குச் சொர்க்கம். இந்தக் குடும்பத்தில் அதில் யார் ஏறுவது? ஆகவே இரண்டு அறை. 699-ஐ நான்கால் பெருக்கினால் 2,796; சேவைக் கட்டணத்தோடு 3,272. விளம்பரத்தின் உண்மையான எண் இது. கனடா விசாவும் விமானமும் முதல் நாள் சியாட்டில் ஓட்டலும் இதற்கு மேல். கப்பல் புறப்படும் அன்றே டல்லாஸிலிருந்து பறந்து ஓட்டலை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது.

"குடிவகையும் வைஃபையும் இலவசம்" என்றால், சில நிறுவனங்களில் அந்த இலவசக் குடிவகைக்கும் நாள்தோறும் இருபது சதவீதச் சேவைக் கட்டணம் உண்டு என்று பொருள். அத்தான் மோருக்கு மேல் எதையும் தொட்டதில்லை. "இந்தச் சலுகை வேண்டாம், வெறும் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டால் குறைந்த எண் ஒன்று பல நேரம் கிடைக்கும். கேட்காதவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

"100 டாலர் கப்பலில் செலவழிக்க" என்பது ரொக்கம் ஆகாது, கப்பல் கணக்கில் வரவு. பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட் போக, கப்பலுக்குள் நாம் வாங்குவதிலிருந்து வருகிறது. இந்த நூறு நம் கையைப் பிடித்து அந்தக் கடைக்குள் அழைத்துப் போகிறது. சில கப்பல்களில் இதைச் சேவைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள விடுகிறார்கள்; விட்டால் அதுவே நல்ல வழி. நேரடியாகப் பதிவு செய்யாமல் பயண முகவர் மூலம் பதிவு செய்தாலும் விலை ஏறாது, அவருக்குக் கமிஷன் கொடுப்பது கப்பல் நிறுவனம். அந்தக் கமிஷனில் ஒரு பங்கை அவர் நமக்கு இதே மாதிரி வரவாகத் தருவதுண்டு. காஸ்ட்கோ உறுப்பினருக்கு, பயணம் முடிந்த பிறகு அவர்கள் கடையில் பயன்படுத்தும் அட்டையாகத் தருகிறார்கள். பாஸ்மதி அரிசி வாங்க நம்மவர்கள் எப்படியும் அங்கேதான் போகிறார்கள்.

"முன்பணம் பாதி" என்பதை "திருப்பித் தரப்படாது" என்பதோடு மாட்ட வேண்டும். இந்த விளம்பரத்தில் மிகவும் தொலைவாகப் பிரித்து வைக்கப்பட்ட இரண்டு சொற்றொடர்கள் இவைதாம். திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டினால் கட்டணம் சற்றுக் கூடும். விசா கையில் இல்லாதவர்கள் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடலாம். அதில் இன்னொரு லாபம்: முழுப் பணம் கட்டும் கெடு, பயணத்துக்குச் சுமார் 90 நாள் முன்பு. அதுவரை விலை இறங்கினால், ரத்து செய்து மறுபடி போடாமலே, போன் செய்து புது விலைக்கு மாற்றித் தரக் கேட்கலாம். நிறுவனம் தானாக மாற்றாது. காலண்டரில் மாதம் ஒரு நாள் குறித்துவைத்து விலையைப் பார்ப்பவர்கள் இதிலேயே நூறு, இருநூறு மீட்கிறார்கள். கெடு தாண்டினால் அந்தக் கதவு அநேகமாக மூடிவிடும்.

"இன்றிரவு வரை மட்டுமே." ஜனவரியிலிருந்து மார்ச் வரை கப்பல் தொழிலின் பெரிய விற்பனைப் பருவம். ஒரு சலுகை முடிந்த மறுநாள் வேறு பெயரில், வேறு வண்ணத்தில் அடுத்தது வரும். குடிவகை போய் முன்பண இறக்கம் வரும், அது போய் நூறு டாலர் வரும். கீழே ஓடும் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதும்.

மருமகனுக்கு இதை அவ்வளவும் அனுப்பவில்லை. இன்றிரவு எதையும் கட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, மதுரைக்கு அக்காவைக் கூப்பிட்டேன். பாஸ்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்து, அமெரிக்க விசா ஒட்டிய பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கனடாவுக்கு விண்ணப்பம் இந்த வாரமே போக வேண்டும்.