குக்கான்: மறைந்த படமும் மறைந்த பெயரும்

சென்ற காலத்தை அறிதற்கு வரலாற்றாசிரியர் நாடும் சான்றுகள் பல. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்பன பண்டைக் காலத்தை அறிய உதவுவன. இருபதாம் நூற்றாண்டோ அசையும் படத்தையும் இவற்றோடு ஒரு சான்றாகச் சேர்த்தது. கல் நெடுங்காலம் நிற்பது; படச்சுருளோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் சில பத்தாண்டுகளிற் சிதைவது. ஆகவே அது பிற்காலத்தார் கைக்கு எட்டுவதும் எட்டாதொழிவதும் பெரும்பாலும் தற்செயலே. சீனத்தின் போர்க்கால வாழ்வை வண்ணத்திற் பதிவு செய்த 'குக்கான்' என்னும் படத்தின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1937ஆம் ஆண்டு யூலை 7ஆந் திகதி, பீக்கிங் நகருக்கு அண்மையிலுள்ள மார்க்கோ போலோ பாலத்தருகே சீனப் படையும் யப்பானியப் படையும் மோதின. அவ்வாண்டு முடிவதற்குள் சங்காயும் தலைநகரான நாங்கிங்கும் வீழ்ந்தன. சீன அரசு மேற்கே பின்வாங்கி, ஈற்றில் மலைகள் சூழ்ந்த சுங்கிங் நகரைத் தனக்கு உறைவிடமாக்கிக்கொண்டது. கடற்றுறைகள் பகைவர் வசமாகவே, வெளியுலகத் தொடர்பின்பொருட்டுக் குன்மிங்கிலிருந்து பர்மாவின் லாசியோ வரை ஏறத்தாழ 1,150 கிலோமீற்றர் நீளமான வீதியொன்று கிராம மக்களின் கையுழைப்பாலேயே 1938இல் அமைக்கப்பட்டது. அந்நாளில் அமெரிக்கா போரிற் சேரவில்லை. அதுமட்டுமன்று; யப்பானுக்குப் பழைய இரும்பை 1940 வரையும், எண்ணெயை 1941 வரையும் விற்றும் வந்தது. சீனத்தின் துயர் அமெரிக்க மக்களுக்குத் தொலைவிற் கேட்கும் செய்தியாக மட்டுமே இருந்தது.

அச்செய்தியைக் கண்கூடாக்க முனைந்தோர் இருவர். ஒருவர் லி லிங் ஐ என்னும் பெண்மணி. ஹொனலூலூவில் மருத்துவர்களான சீனத் தாய்தந்தையருக்குப் பிறந்து, ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற் கற்றவர், நாடகம் எழுதியவர். மற்றவர் றே ஸ்கொட் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர். சீனத்தின் நிலையைப் படமாக்குமாறு ஸ்கொட்டைத் தூண்டியவரும், அம்முயற்சிக்குப் பணமும் தொடர்புகளும் தேடித் தந்தவரும் லி அம்மையாரே. ஸ்கொட் தனியராகச் சிறிய கமராவொன்றைச் சுமந்து சீனத்தினுள் நெடும் பயணம் செய்தார். அவர் கையாண்டது 16 மில்லிமீற்றர் கொடாக்குரோம் சுருள். 1935இல் வெளிவந்த இவ்வண்ணச் சுருளில், கமராவுள் ஓடிய சுருளே பதப்படுத்தியபின் காட்டுதற்குரிய படமாகும். தனியே எதிர்ப்படம் இல்லை. மூலச்சுருள் அழியுமாயின் அதனை ஈடுசெய்வது எங்ஙனம்?

'குக்கான்' என்பது துன்பத்தினிடையே தளராது உழைத்தலைக் குறிக்குஞ் சொல். அப்பெயருக்கேற்ப, போர்க்களத்தைவிட மக்களின் உழைப்பையே படம் பெரிதும் காட்டுகின்றது. வீதி அமைப்போரும், பெயர்ந்து செல்லும் குடும்பங்களும், மியாவோ, முஸ்லிம், திபேத்தியர் எனப் பல இனத்தாரும் அதில் தோன்றுகின்றனர். 1940 ஓகஸ்ட் 19ஆம் 20ஆம் நாட்களிற் சுங்கிங்மீது யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தமை அதன் உச்சப் பகுதியாகும். மரத்தாலும் மூங்கிலாலும் ஆன வீடுகள் செந்தீயாய் எரிவதையும், கரும்புகை வானை மூடுவதையும் அக்கமரா கண்டது. போரைக் கருமை வெண்மைப் படங்களிலே கண்டு பழகிய நமக்கு, அத்துயர் என்றோ நிகழ்ந்ததொன்றாகத் தோன்றுவது இயல்பு. வண்ணமோ அக்காலத் தொலைவை நீக்கிவிடுகின்றது. எரிந்த நெருப்பு நம் அடுப்பில் எரியும் நெருப்பின் நிறத்ததே.

1941இல் படம் வெளியாயிற்று. சனாதிபதி றூஸ்வெல்ற் அதனை வெள்ளை மாளிகையிற் கண்டார். 1942இல் அமெரிக்கத் திரைப்பட அக்கடமி தனது சிறப்பு விருதை அதற்கு அளித்தது. எனினும் விருதிற் பொறிக்கப்பட்ட பெயர் ஸ்கொட்டின் பெயர் ஒன்றே. லி அம்மையார் படத்தில் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என மட்டுமே குறிக்கப்பட்டார். பின்னர் படமும் மறைந்தது. விருது பெற்ற அதன் முழுப்பிரதி எங்கும் இல்லை என்றே பல பத்தாண்டுகளாகக் கருதப்பட்டது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹவாயைச் சேர்ந்த றொபின் லங் என்னும் திரைப்பட ஆக்குநர் லி அம்மையாரைப்பற்றி ஆராயப் புகுந்தார். மறைந்த பெண்ணைத் தேடியவருக்கு மறைந்த படமும் கிடைத்தது. பழுதுற்ற பிரதியொன்று கண்டெடுக்கப்பட்டு, அக்கடமியின் காப்பகத்தாற் சீர்செய்யப்படலாயிற்று. அத்தேடலைக் கூறும் படத்தை லங் 2016இல் வெளியிட்டார். லி அம்மையாரோ 2003இலேயே இவ்வுலகை நீத்துவிட்டார். தம் பெயர் மீட்கப்பட்டதை அவர் காணவில்லை.

மீண்டது பற்றி மகிழும் நாம், அதனை ஆராயாது ஏற்றலும் தகாது. 'குக்கான்' அமெரிக்கரின் ஆதரவை வேண்டி எடுக்கப்பட்ட படம். ஆகவே சீனரின் ஒற்றுமையையே அது முன்னிறுத்துகின்றது. ஆனால் 1941 சனவரியிலே சியாங் கை ஷேக்கின் படை பொதுவுடைமையினரின் புதிய நான்காம் படையைத் தாக்கி நிலைகுலையச் செய்தது. இவ்வுட்பகையை அறிய விரும்புவோன் வேறு சான்றுகளையே நாடுதல் வேண்டும். கமரா பொய்யுரைப்பதன்று; ஆயின் எத்திசை நோக்கித் திருப்பப்பட்டதோ அத்திசையையே அது காட்டும்.

எனவே பழைய சான்றொன்று கைவரும்போது வரலாற்று மாணவன் வினவ வேண்டியவை இரண்டு. இது எதனைக் காட்டாது விட்டது என்பது ஒன்று. இதனை ஆக்கியோருள் யாருடைய பெயர் விடுபட்டது என்பது மற்றொன்று. குக்கானைப் பொறுத்தவரை, இரண்டாம் வினாவை ஒருவர் எழுப்பியமையாலேயே படமும் நமக்கு மீண்டது.