ஏற்றம் யாருக்கு ஆகாது?

குறிஞ்சியையும் நெய்தலையும் வகுப்பில் நடத்தும்போது மலையைத் தனியாக, கடலைத் தனியாகத்தான் நான் கரும்பலகையில் வரைவேன். இத்தாலியின் வடமேற்கில் இருக்கும் லிகூரியாவின் வரைபடத்தை விரித்தால் அந்தக் கோடு நிற்காது. அங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. நடுவில் ஜெனோவா, மேற்கே பிரான்ஸ் எல்லை, கிழக்கே லா ஸ்பெத்சியா என வில்லாக வளைந்த கரை அது. சமதரை கிடைத்த இடத்தில் ஊர், கிடைக்காத இடத்தில் கல்சுவர் கட்டிய படிவயல்கள், அவற்றில் ஆலிவ் மரங்களும் திராட்சைக் கொடிகளும்.

இந்தக் கரையை ஒட்டிப் போகும் சாலைக்கு ஆரேலியா என்று பெயர். ரோமானியர் காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலை கடலுக்குள் மூக்கை நீட்டும் ஒவ்வொரு முனையிலும் சாலை மேலேறி, வளைந்து, மறுபடி அலையோரம் இறங்குகிறது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் ஈர்ப்பு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நீலம், நடுவில் தன் மூச்சுச் சத்தம்.

இந்தச் சாலையை உலகறியச் செய்தது மிலான்–சான்ரேமோ பந்தயம். 1907இல் தொடங்கியது. முதல் ஆண்டு 288 கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரரான லூசியன் பெத்தி-ப்ரெத்தோன் வென்றார். வீரர்கள் சமவெளியைத் தாண்டி, 532 மீட்டர் உயரத்தில் உள்ள துர்கீனோ கணவாயில் ஏறி, அங்கிருந்து கடலுக்கு இறங்குவார்கள். பிறகு மேலே, செர்வோ, பெர்த்தா என்று மூன்று முனைகள் வரிசையாக வரும். ஊர் நெருங்கும் நேரத்தில் களைத்த கால்களைச் சோதிப்பதற்காக 1960இல் போஜ்ஜோ மேட்டையும் 1982இல் சிப்ரெஸ்ஸா மேட்டையும் சேர்த்தார்கள். போஜ்ஜோ நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. பூ வளர்க்கும் கண்ணாடிக் குடில்களுக்கு நடுவே ஏறும் அந்தச் சிறிய சாலையில்தான் பல ஆண்டுகள் வெற்றி தீர்மானமாகியிருக்கிறது.

இந்தக் கதையை விளையாட்டு வரலாறாக மட்டும் படித்தால், இந்த மேடுகளில் முதலில் வியர்வை சிந்தியவர்கள் 1907இல் வந்த ஆண்கள்தான் என்று தோன்றும். கிழக்குக் கரையில் லவாஞா என்ற ஊர் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள மலைகளில் சிலேட்டுக் கல் வெட்டினார்கள். இத்தாலிய மொழியில் கரும்பலகைக்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதைப் படித்த நாளிலிருந்து, சாக்குக்கட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மலை நினைவுக்கு வருகிறது. ஏனென்றால், வெட்டிய பலகைகளைக் கரையில் நிற்கும் படகுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பெண்கள். தலையில் சுமந்து, செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளில் வரிசையாக இறங்கினார்கள். கல்லை இறக்கிவைத்துவிட்டு, அடுத்த நடைக்காக மறுபடி மேலே ஏறினார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. அந்த ஏற்றம் பெண்ணுடம்புக்கு ஆகாது என்று யாரும் அவர்களைத் தடுக்கவில்லை.

தடை வந்தது சைக்கிளோடு. 1890களில் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர், சைக்கிள் ஓட்டினால் கருப்பை கெடும், முகம் விகாரமாகும் என்று எழுதினார்கள். 'சைக்கிள் முகம்' என்று ஒரு நோய்க்கே பெயர் வைத்தார்கள். தலையில் கல் இருந்தவரை கெடாத கருப்பை, காலடியில் சக்கரம் வந்ததும் கெட்டுவிடுகிறது! சுமையோடு ஏறினால் அது வேலை. சுமையில்லாமல், தனியாக, தன் விருப்பத்துக்கு ஏறினால் அது அடங்காமை. இந்த மருத்துவத்தின் நோய்க்குறியை நாம் இங்கிருந்தே அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

அல்ஃபோன்சினா ஸ்திராதாவை இந்தப் பின்னணியில்தான் வைத்துப் பார்க்கிறேன். 1891இல் எமிலியா பகுதியில் ஏழைக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில், 1917இலும் 1918இலும், லொம்பார்தியா பந்தயத்தில் ஆண்களோடு ஓட்டி முடித்தார். 1924இல் ஊதியத் தகராறில் முன்னணி வீரர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஜீரோ தி இத்தாலியா பந்தயத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பட்டியலில் பெயரின் கடைசி எழுத்து விடுபட்டு 'அல்ஃபோன்சின்' என்று, ஆணா பெண்ணா தெரியாதபடி அச்சானது. அது பிழையா, உத்தியா என்று இன்றும் பேசுகிறார்கள்.

அந்த ஆண்டின் முதல் கட்டம் மிலானிலிருந்து ஜெனோவா வரை, சுமார் 300 கிலோமீட்டர். அப்படித்தான் அவர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். மறுகட்டம் ஜெனோவாவிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு. மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள், 3,613 கிலோமீட்டர். பெருஜியாவை நோக்கிய கட்டத்தில் காற்றிலும் மழையிலும் விழுந்து, உடைந்த ஹேண்டில்பாருக்குப் பதில் விளக்குமாற்றுக் கட்டையைச் செருகி ஓட்டியதாகச் சொல்வார்கள். நேரவரம்பைத் தாண்டிவிட்டார். முடிவுப் பட்டியலில் பெயர் வராது என்ற நிபந்தனையோடு தொடர அனுமதித்தார்கள். தொடர்ந்தார்; மிலான் வரை முடித்தார். கிளம்பிய 90 பேரில் பட்டியலில் இடம்பெற்றவர்கள் 30 பேர். கூட்டம் அவரைப் பார்க்கத் திரண்டது, பத்திரிகை விற்றது. அடுத்த ஆண்டு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நடந்ததை ஆண்டுகளே சொல்லும். பெண்களுக்கான உலகச் சாலைப் பந்தயம் 1958இல்தான் வந்தது. ஒலிம்பிக்கில் 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் ஆண்களுக்கு 190 கிலோமீட்டர், பெண்களுக்கு 79. சான்ரேமோ சாலையில் 1999இல் 'பிரிமவேரா ரோசா' தொடங்கியது. 'இளஞ்சிவப்பு வசந்தம்' என்று பொருள். ஆண்கள் பந்தயத்துக்கு 'வசந்தம்' என்றே செல்லப்பெயர் உண்டு. பெண்களுக்கு மட்டும் நிறம் சேர்ந்தது. பந்தயத்தை நடத்தும் பத்திரிகையின் தாளும் அதே நிறம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வராத்சே என்ற கரையோர ஊரில் தொடங்கி 118 கிலோமீட்டர். ஏழு முறை நடந்து, 2005க்குப் பிறகு நின்றது. ஆண்கள் பந்தயம் ஆண்டுதோறும் நடந்துகொண்டே இருந்தது.

இருபது ஆண்டுகள் என்பது ஒரு சைக்கிள் வீராங்கனையின் முழு விளையாட்டு வாழ்க்கை. அந்த இடைவெளிக்குள் ஓடத் தொடங்கி ஓய்வும் பெற்றவர்கள், போஜ்ஜோவைப் பயிற்சிக்கு ஏறியிருக்கலாம், அதில் வென்றிருக்க வழியில்லை. 2025 மார்ச் 22 அன்று பந்தயம் திரும்பி வந்தது. ஜெனோவாவிலிருந்து 156 கிலோமீட்டர். நெதர்லாந்தின் லொரேனா வீபெஸ் வென்றார். அதே நாட்டின் மரியான் ஃபோஸ் இரண்டாமிடம். முனைகள் மூன்றும், சிப்ரெஸ்ஸாவும், போஜ்ஜோவும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் தொடக்கமே கரையில் என்பதால் துர்கீனோ கணவாய் இல்லை. மலையில் ஏறி உச்சியிலிருந்து முதன்முதலாகக் கடலைக் காணும் அந்தக் கணம் ஆண்கள் பந்தயத்துக்கு மட்டுமே இன்னும் சொந்தம்.

இதே கரையில் இன்னொரு தடமும் இருக்கிறது. மேட்டுக்குள் குடைந்து புதிய ரயில்பாதை போட்டபின், 2001இல் கைவிடப்பட்ட பழைய கடலோரத் தண்டவாளப் பாதையைச் சைக்கிள் பாதையாக்கினார்கள். ஒஸ்பெதலெத்தியிலிருந்து சான் லொரென்சோ வரை 24 கிலோமீட்டர். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றமே இல்லை, காரும் வராது. நான் போக விரும்புவது முதலில் இங்கேதான். எல்லாப் பெண்களும் போஜ்ஜோவை ஏறிக் காட்ட வேண்டும் என்பது என் வாதமில்லை. சம தடத்தில் மெதுவாகப் போவதும், கரையில் காலூன்றி நின்று கடலைப் பார்ப்பதும் உரிமைதான்.

ஆனால் எந்தப் பாதை என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். பெண்ணால் இந்த மேட்டை ஏற முடியுமா என்று 1924இலும் கேட்டார்கள், அதற்குப் பிறகும் கேட்டார்கள். அதற்கான விடை அதற்கு வெகுகாலம் முன்பே லவாஞாவின் ஒற்றையடிப் பாதைகளில், தலையில் கல்லோடு இறங்கி, வெறுந்தலையோடு திரும்ப ஏறிக்கொண்டிருந்தது.