நெப்டியூன் கோளின் கண்டுபிடிப்பு வரலாறு

நெப்டியூன் என்பது சூரியக் குடும்பத்தில் எட்டாவதாகவும் சூரியனிலிருந்து மிகத் தொலைவிலும் அமைந்துள்ள கோளாகும். சூரியனிலிருந்து இதன் சராசரித் தொலைவு ஏறத்தாழ 450 கோடி கிலோமீட்டர். இது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப் போல் 30 மடங்காகும். சூரிய ஒளி இக்கோளைச் சென்றடைய நான்கு மணி நேரத்திற்கும் மேலாகிறது. எட்டுக் கோள்களில் வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரே கோள் இதுவே. 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் இது கண்டறியப்பட்டது. இதன் இருப்பிடம் முதலில் தாளில் கணக்கிடப்பட்டு, அதன் பின்னரே வானில் தேடப்பட்டது.

கண்டும் அறியப்படாத காலம்

நெப்டியூனை முதலில் பார்த்தவர் கலிலியோ ஆவார். 1612 டிசம்பரிலும் 1613 சனவரியிலும் வியாழனின் துணைக்கோள்களை ஆராய்ந்தபோது, அருகில் தெரிந்த நெப்டியூனை ஒரு விண்மீனாகவே தம் குறிப்பேட்டில் வரைந்தார். 1795 மே 8, 10 ஆகிய நாட்களில் பாரிசில் லாலாந்து வான்காணகத்தாரும் இதனைக் குறித்துள்ளனர். இரு நாட்களிலும் அந்த 'விண்மீனின்' இடம் வேறுபட்டிருந்தது. கோள் நகர்ந்ததே அதற்குக் காரணம். எனினும் முதல் அளவீடு பிழையானது எனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது.

யுரேனசின் பிறழ்வு

1781 மார்ச் 13 அன்று வில்லியம் எர்செல் யுரேனசைக் கண்டுபிடித்தார். 1821-ல் பிரெஞ்சு வானியலாளர் அலெக்சி புவார் அதன் இயக்கத்திற்கான அட்டவணைகளை வெளியிட்டார். ஆனால் சில ஆண்டுகளிலேயே யுரேனசு கணக்கிட்ட பாதையிலிருந்து விலகத் தொடங்கியது. நியூட்டனின் ஈர்ப்பு விதி அவ்வளவு தொலைவில் பொருந்தாதோ என்ற ஐயம் எழுந்தது. அறியப்படாத வேறொரு கோள் யுரேனசை ஈர்க்கிறது என்பது மற்றொரு விளக்கமாகும்.

இரண்டாவது விளக்கமே சரியானது. யுரேனசு தன் பாதையில் நெப்டியூனைவிட விரைவாகச் செல்கிறது. 1822-ஐ ஒட்டி அது நெப்டியூனைக் கடந்து சென்றது. அதற்கு முன் நெப்டியூனின் ஈர்ப்பு அதனை முன்னோக்கி இழுத்தது. கடந்த பின் பின்னோக்கி இழுத்தது. அட்டவணையில் தோன்றிய பிறழ்வு இதனால் ஏற்பட்டதே.

இரு கணக்குகள்

இங்கிலாந்தில் ஜான் கூச் ஆடம்சு, பிரான்சில் உர்பைன் லெவெரியே ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் இச்சிக்கலை ஆராய்ந்தனர். 1843-ல் கேம்பிரிட்சில் பட்டம் பெற்ற ஆடம்சு, 1845 அக்டோபரில் தம் முடிவை அரச வானியலாளர் ஜார்ஜ் எய்ரியின் இல்லத்தில் விட்டுச் சென்றார். எய்ரி விளக்கம் கேட்டு மடல் எழுதினார்; ஆடம்சு அதற்கு மறுமொழி அனுப்பவில்லை. இதனால் பல மாதங்கள் வீணாயின.

லெவெரியே தம் கணிப்புகளை 1846 சூன், ஆகத்து மாதங்களில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வெளிப்படையாக முன்வைத்தார். சூன் மாத முடிவு ஆடம்சின் முடிவோடு ஒத்திருந்ததைக் கண்ட எய்ரி, தேடலைத் தொடங்குமாறு கேம்பிரிட்சின் ஜேம்சு சாலிசைக் கேட்டுக்கொண்டார். சாலிசு ஆகத்து மாதத்தில் இருமுறை நெப்டியூனைப் பதிவு செய்தார். ஆனால் தம் பதிவுகளை உடனே ஒப்பிட்டுப் பார்க்காததால் அதனை அடையாளம் காணவில்லை.

பெர்லினில் கண்டுபிடிப்பு

பிரான்சில் தேடுவார் இல்லாத நிலையில், லெவெரியே செப்டம்பர் 18 அன்று பெர்லின் வான்காணகத்தின் யோகான் காலேவுக்கு மடல் எழுதினார். அம்மடல் 23 அன்று கிடைத்தது. அன்றிரவே காலே தொலைநோக்கியைத் திருப்பினார். அப்பகுதிக்கென அண்மையில் அச்சிடப்பட்ட விண்மீன் வரைபடத்தைப் பயன்படுத்தலாம் என்று மாணவர் ஐன்ரிக் டாரெசுட்டு கூறினார். காலே ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் சொல்ல, டாரெசுட்டு வரைபடத்தில் சரிபார்த்தார். வரைபடத்தில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளி தென்பட்டது. லெவெரியே குறித்த இடத்திலிருந்து அது ஒரு பாகைக்கும் குறைவான விலகலிலேயே இருந்தது. மறுநாள் இரவு அது நகர்ந்திருந்ததால், கோள் என்பது உறுதியாயிற்று. பதினேழு நாட்களில், அக்டோபர் 10 அன்று, வில்லியம் லாசல் அதன் மிகப்பெரிய துணைக்கோளான திரைட்டனைக் கண்டறிந்தார்.

உரிமைப் போட்டியும் பெயரும்

கண்டுபிடிப்பு வெளியான பின்னரே ஆடம்சின் கணக்கு பொதுவெளிக்கு வந்தது. இதனால் இரு நாடுகளின் இதழ்களிலும் கடும் பூசல் மூண்டது. பிரித்தானிய அரச கழகம் தன் கோப்ளே பதக்கத்தை 1846-ல் லெவெரியேவுக்கும் 1848-ல் ஆடம்சுக்கும் வழங்கியது. பெயரிடலிலும் இழுபறி இருந்தது. காலே 'சேனசு' என்ற பெயரை முன்மொழிந்தார். கோளுக்கு லெவெரியேவின் பெயரையே சூட்ட வேண்டும் என்ற முயற்சியும் நடந்தது. இறுதியில் உரோமானியக் கடற்கடவுளின் பெயரான நெப்டியூன் நிலைத்தது.

இருவரும் கோளின் தொலைவை உண்மையைவிட மிக அதிகமாகக் கொண்டே கணக்கிட்டிருந்தனர். அக்காலத்தில் கோள் இருந்த திசை மட்டும் கணிப்போடு நன்கு பொருந்தி வந்தது.

அதே முறை, மறு விளைவு

புதன் கோளின் பாதையிலும் சிறு பிறழ்வு இருப்பதை லெவெரியே 1859-ல் காட்டினார். இதற்கும் அறியப்படாத கோள் ஒன்றே காரணம் என எண்ணினார். 'வல்கன்' எனப் பெயரிடப்பட்ட அக்கோளைப் பலர் பல ஆண்டுகள் தேடினர்; அப்படியொரு கோள் இல்லை. 1915-ல் ஐன்சுட்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு அப்பிறழ்வை விளக்கியது. யுரேனசின் சிக்கலில் நியூட்டனின் விதி சரியாக இருந்தது, கோள்களின் பட்டியலே குறைபட்டிருந்தது. புதனின் சிக்கலில் பட்டியல் முழுமையாக இருந்தது, விதியே திருத்தப்பட வேண்டியிருந்தது.

இன்றைய அறிவு

நெப்டியூனின் நிறை பூமியைப் போல் 17 மடங்கு. இது தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ 16 மணி நேரமும், சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 165 ஆண்டுகளும் எடுத்துக்கொள்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட பின் தன் முதல் சுற்றை 2011-ல்தான் நிறைவு செய்தது. இதுவரை இக்கோளை நெருங்கிய ஒரே விண்கலம் வாயேசர் 2 ஆகும். அது 1989 ஆகத்து 25 அன்று நெப்டியூனின் முகில்களுக்கு மேலே சுமார் 5,000 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. ஆறு புதிய துணைக்கோள்களையும், மணிக்கு 2,000 கிலோமீட்டர் அளவிலான காற்றையும் அது கண்டறிந்தது. திரைட்டனின் மேற்பரப்பிலிருந்து வளிமம் பீறிட்டெழுவதையும் படம்பிடித்தது. நெப்டியூனைச் சூழ்ந்துள்ள வளையங்களுள் சில காலே, லெவெரியே, லாசல், ஆடம்சு ஆகியோரின் பெயர்களைத் தாங்கியுள்ளன. ஒரு காலத்தில் உரிமைக்காகப் பூசலிட்ட இரு தரப்பினரின் பெயர்களும் இன்று அக்கோளையே ஒருங்கே சுற்றிவருகின்றன.