தேத்தண்ணியில் தொடங்கிய பயிற்சி

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள திரியாய்க் குன்றில், பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. அங்குள்ள தாதுகோபத்தை எழுப்பியவர்கள் வணிகக் குழுவினர் என்கிறது அது. மிளகோடும் துணியோடும் சாமியும் எழுத்தும் கப்பலேறிய காலம். அந்தக் குன்றுக்குத் தெற்கே, திருகோணமலைத் துறைமுகத்தில் இன்று கடற்படைத் தளம். நான் சொல்ல வந்த சரக்கும் பல கடல் தாண்டியதுதான்.

உலகப் படைகள் பலவற்றில் இன்று ஒரு பாடம் நடக்கிறது. கூட்டாளி வாடிப்போயிருந்தால் பக்கத்தில் உட்கார். "சாக நினைக்கிறாயா?" என்று நேராகவே கேள். தனியே விடாதே, உதவி கிடைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போ. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வீண் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

இதன் வேர் படைமுகாமில் இல்லை. 1935இல் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலப் பாதிரியார் ஒரு சிறுமியை அடக்கம் செய்தார். முதல் மாதவிடாயைப் பால்வினை நோய் என்று நினைத்து உயிரை விட்ட பிள்ளை. வாய்விட்டுக் கேட்க அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை. அது அவரை விடவில்லை. 1953இல் லண்டன் தேவாலயம் ஒன்றில், மனம் உடைந்தவர்களுக்கென்று தொலைபேசி வைக்க முனைந்தார். நினைவில் நிற்கும்படி 'மேன்ஷன் ஹவுஸ் 9000' என்ற எண்ணைக் கேட்கலாம் என்று எண்ணி, அங்கே கிடந்த பழைய தொலைபேசியின் தூசியைத் துடைத்தார். அதில் இருந்ததே அந்த எண்தான்!

அடுத்த தற்செயல் இன்னும் பெரியது. பாதிரியாரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேத்தண்ணி கொடுத்துப் பேச்சுக்கொடுத்தார்கள். பலர் அந்தப் பேச்சோடே மனம் ஆறித் திரும்பிவிட்டார்கள். வாரா பெருந்தன்மையோடு ஒதுங்கி, 1954இல் வேலையைத் தொண்டர்களிடமே கொடுத்தார். 'சமாரிட்டன்ஸ்' என்ற பெயர்கூட ஒரு நாளிதழ்த் தலைப்பு தந்ததுதான்.

அந்த முறை 1974இல் கொழும்பில் 'சுமித்ரயோ' ஆனது. 1986இல் சென்னையில், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' ஆனது.

அமெரிக்காவில் பால் குவினெட் என்ற உளவியலாளர் வேறொன்றைப் பார்த்து எழுதினார். நின்ற இதயத்தை அழுத்தி இயக்கும் சி.பி.ஆர். முதலுதவியை யாரும் கற்கலாம் என்றால், மனதுக்கு மட்டும் ஏன் கூடாது? 1995இல் 'கியூ.பி.ஆர்.' வந்தது: கேள், இணங்கவை, அனுப்பு. எழுத்துகள்கூட அப்படியே ஜோடி சேர்கின்றன. நல்ல காப்பி!

1996இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் ஜெரமி பூர்டாவே தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு அந்நாட்டு விமானப்படை, தளபதி முதல் சிப்பாய் வரை எல்லோருக்குமான தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. உதவி கேட்பது கோழைத்தனம் அல்ல என்று மேலதிகாரிகளே சொன்னார்கள். என் கணக்கில் அதுதான் உயிர்நாடி. தற்கொலை ஆபத்து 33 சதவீதம் குறைந்ததாக 2003இல் ஆய்வு வெளியானது.

இலங்கை 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. உள்நாட்டுப் போரில் 1985இல் எரிந்து இடம்பெயர்ந்த திரியாய் போன்ற ஊர்களுக்கும், அந்தப் போரில் துவக்கோடு நின்றவனுக்கும் தேவைப்படுவது ஒரே பாடம்தான். இந்தியா 2023இல் புனேயின் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில், படையினருக்கென்றே 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் பிரிவைத் திறந்தது.

உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ மனம் தாங்கவில்லை என்றால், இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற தொலைபேசி எண்ணில் பேசுங்கள்.