மீட்டது காவல்துறை, உரியவர் யார்? திருட்டுப் பொருளுக்கு உரிமை காட்டும் வழி

சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் உமா பரமேஸ்வரி சிலையை வாங்கியது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலச் செப்புத் திருமேனி; விலை 650,000 அமெரிக்க டாலர். விற்றது சுபாஷ் கபூரின் நியூயார்க் கலைக்கூடமான ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’.

அந்த அம்மன் தமிழகத்தின் அரியலூர் மாவட்டம், ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலைச் சேர்ந்தவர். பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயில் அது. சிலைகள் களவுபோனது ஊருக்குத் தெரியவந்ததே 2008இல்தான். அதாவது, சிலை எம்பிரஸ் பிளேசுக்கு வந்து சேர்ந்தபோது திருட்டுப் புகார்கூட இல்லை. புகார் இல்லாத பொருள் எந்தத் திருட்டுப் பட்டியலில் இருக்கும்?

துப்பாக்கி களவுபோய்க் கிடைத்தால் சிக்கல் குறைவு. இரும்பில் பொறித்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் உரியவர் தெரிந்துவிடும். சிலைக்கும் நகைக்கும் அப்படி ஓர் எண் இல்லை. ஆனால் சிலைக்கு வேறொரு பலம் உண்டு. சோழர் சிலைகள் மெழுகு வார்ப்பில் செய்யப்பட்டவை. மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் ஓர் அச்சில் இரண்டு சிலை செய்ய முடியாது. வார்ப்பில் விழுந்த குழி, தேய்ந்த மூக்கு, பீடத்தின் வெடிப்பு எல்லாமே அந்தச் சிலைக்கு மட்டும் உரிய மச்சங்கள். ஆனால் அந்த மச்சத்தைத் திருட்டுக்கு முன்பே யாராவது படம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களில் இருந்து ஆராய்ச்சிக்காகக் கோயில் கோயிலாகச் சென்று படம் எடுத்து வந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசரை 1994இல் எடுத்த படமும் அந்தச் சேகரிப்பில் இருந்தது. கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய நடராசரும் இவரே என்று அடையாளம் காண அந்தப் படமே உதவியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் சிலையைப் புதுடெல்லியில் ஒப்படைத்தார். இப்படிப் பழைய படங்களையும் ஏலப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் ஈடுபட்டவர்களில் ஒருவரான எஸ். விஜய்குமார் சிங்கப்பூரில் கப்பல் துறையில் பணியாற்றியவர் என்பது நம்மூர் வாசகர்கள் பலர் அறியாத செய்தி.

உமாவின் விவகாரத்தில் 2013 டிசம்பரில் திருப்பம் வந்தது. கபூரின் கலைக்கூட மேலாளர் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த வழக்கில் இடம்பெற்ற சிலைகளில் இவரும் ஒருவர். 2015இல் சிங்கப்பூர் சிலையை இந்தியாவுக்குத் திருப்பித் தர முடிவு செய்தது.

படமே இல்லாவிட்டால்? அதற்குப் பத்தூர் நடராசர் வழக்கைப் பார்க்கலாம். 1976இல் தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் பாழடைந்த கோயிலருகே மண்ணில் இருந்து வெளிப்பட்டு, கைமாறி லண்டன் போன சிலை அது. கனடாவின் பம்பர் நிறுவனம் வாங்கியிருந்த அதை லண்டன் காவல்துறை கைப்பற்றியது. தங்களிடமே தர வேண்டும் என்று நிறுவனம் காவல்துறை ஆணையர்மீது வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பில் இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமல்ல, கோயிலின் சிவலிங்கமும் உரிமை கோரியது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளின் பாணியோடும், ஒட்டியிருந்த மண்ணோடும் இந்தச் சிலையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமானது. மேல்முறையீட்டுக்குப் பின் 1991இல் நடராசர் நாடு திரும்பினார். ஒரு சிலைக்காக எத்தனை ஆண்டு!

சிராங்கூன் சாலையில் வாங்கிய சங்கிலிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. ஆனாலும் கேள்வி அதேதான். வீட்டில் திருடிய நகையைத் திருடன் அடகு வைத்திருப்பான். காவல்துறை அதைக் கடையிலிருந்து கைப்பற்றியிருக்கும். பணம் கொடுத்த அடகுக்கடையும் அதைக் கோரலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, விசாரணைக்கு அந்தப் பொருள் இனித் தேவையில்லை என்றாலோ, கைப்பற்றி ஓர் ஆண்டு ஆனாலோ, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது காவல்துறை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். பலர் கோரினால் பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்று நீதிமன்றம் விசாரிக்கும்.

அங்கே ‘இது அம்மாவின் தாலிச் சங்கிலி’ என்று அழுது சொன்னால் மட்டும் போதாது. எடையும் தங்கத்தின் தரமும் குறித்த கடை ரசீது, பழுதுபார்த்த சீட்டு, நகை தெளிவாகத் தெரியும் கல்யாணப் படம் ஆகியவை கைகொடுக்கும். கொக்கி மாற்றிய இடம், நசுங்கிய குண்டு, கல் விழுந்த குழி போன்றவற்றைப் புகார் கொடுக்கும்போதே சொல்லிப் பதிய வைப்பது நல்லது. மீட்ட நகையைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்லும் அடையாளத்துக்கு மதிப்புக் குறைவு.

உரியவர் யாரென்றே தெரியாவிட்டால் காவல்துறை பொது அறிவிப்பு வெளியிடும். உரிமை கோருவோர் அந்த அறிவிப்புத் தேதியில் இருந்து ஆறு மாதத்துக்குள் சான்றுகளோடு முன்வந்தாக வேண்டும்.