ஆடுதுறை 27: ஜப்பான் நெல் தஞ்சாவூர் வந்த கதை

வயதான விவசாயிகளிடம் நெல் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் "ஜப்பான் நடவு" என்ற வார்த்தை எப்படியும் வந்து விழும். எங்கேயோ கிழக்கே இருக்கும் ஜப்பானுக்கும் நம்மூர் வயலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவின் வயல், அரிசி விலை, கூலி, அரசியல் எல்லாவற்றிலும் கை வைத்த சம்பந்தம் அது.

1953-ல் இந்திய அரசு "ஜப்பானிய முறை நெல் சாகுபடி" என்று நாடு முழுக்கப் பிரசாரம் ஆரம்பித்தது. மேட்டுப் பாத்தியில் நாற்று விடு, கயிறு பிடித்து வரிசையாக நடு, ஒரு குத்துக்கு இரண்டு மூன்று நாற்று போதும், வரிசைக்கு நடுவே கருவியை உருட்டிக் களையெடு, உரத்தைத் தாராளமாகப் போடு. இதுதான் அந்த முறையின் சுருக்கம். காரணம் எளிது. ஒரே அளவு நிலத்தில் ஜப்பான்காரர்கள் நம்மைப் போல இரண்டு மூன்று மடங்கு நெல் எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

ஆனால் நடவு முறையை மட்டும் கொண்டுவந்தால் போதுமா? ஜப்பானின் விளைச்சலில் பாதி ரகசியம் விதையில் இருந்தது.

குளிரோடு மல்லுக்கட்டிய நெல்

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ என்று ஒரு பெரிய தீவு. இன்று ஜப்பானின் விளைநிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. கோதுமை, உருளைக்கிழங்கு, பால், சர்க்கரைக்கு பீட்ரூட் வகைக் கிழங்கு என்று எல்லாமே பெரிய அளவில். 1869-ல் அரசாங்கம் அந்தத் தீவை முறையாகக் குடியேற்ற ஆரம்பித்தபோது, அங்கே நெல் வராது, கோதுமையும் மாடும்தான் சரி என்பதே அதிகாரிகளின் எண்ணம். கோடை அவ்வளவு சின்னது.

1873-ல் நகயாமா க்யூசோ என்ற விவசாயி ஒருவர், குளிரைத் தாங்கும் "அகாகே" என்ற நெல்லை அங்கே விளைவித்துக் காட்டினார். நாற்றங்காலில் குளிர் ஏறாமல் இருக்கக் குளியல் தொட்டியின் வெந்நீரை ஊற்றிக் காப்பாற்றினார் என்று இன்றும் அந்த ஊரில் சொல்வார்கள். அதன் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக, குறைந்த நாளில், குறைந்த வெயிலில் முற்றும் ரகங்களைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, இன்று ஜப்பானின் பெரிய நெல் உற்பத்திப் பகுதிகளில் ஒன்றாக ஹொக்கைடோ ஆகிவிட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான். அங்கே நிலம் பிரச்சினையே இல்லை. நாள்தான் பிரச்சினை. உறைபனி போய் மறுபடி உறைபனி வருவதற்குள் கதிர் முற்றியாக வேண்டும்.

ஜப்பான் அரசு ஆராய்ச்சி நிலையங்களில் உருவான ரகங்களுக்கு "நோரின்" என்று பெயர் வைத்து எண் கொடுத்தார்கள். நோரின் என்றால் விவசாயம், வனம் என்று அர்த்தம். நெல்லுக்கும் நோரின் வரிசை உண்டு, கோதுமைக்கும் உண்டு. வட ஜப்பானின் இவாத்தே மாகாணத்தில் உருவாகி 1935-ல் பதிவான நோரின் 10 கோதுமைதான், பிறகு அமெரிக்கா, மெக்சிகோ வழியாகப் பஞ்சாப் வரை வந்து இந்தியப் பசுமைப் புரட்சியைத் தொடங்கி வைத்த குட்டைக் கோதுமைகளுக்கு மூதாதை. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே பெயரில் நோரின் 10 என்று ஒரு நெல்லும் இருந்தது. அது தஞ்சாவூருக்கு வந்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கட்டாக்கில் நடந்த கலப்பு

நம்மூர் நெல் "இண்டிகா" வகை. ஜப்பான் நெல் "ஜப்போனிகா" வகை. நம் பழைய ரகங்கள் பெரும்பாலும் உயரமானவை. உரத்தைக் கூட்டிப் போட்டால் இன்னும் உயரமாக வளர்ந்து, கதிர் பிடித்ததும் காற்றில் சாய்ந்து படுத்துவிடும். போட்ட உரம் வைக்கோலாகத்தான் திரும்பி வரும். ஜப்பான் ரகங்கள் உரத்தை நெல்லாக மாற்றித் தரும். ஆனால் அவற்றை அப்படியே நம் வெயிலில் நட்டால் சரியாக வராது. அந்தக் குழகுழப்பான சோறு நம் நாக்குக்கும் பிடிக்காது.

அப்படியானால் இரண்டையும் கலந்தால்?

1950களின் ஆரம்பத்தில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் உதவியோடு, ஒரிசாவின் கட்டாக்கில் இருக்கும் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வேலை ஆரம்பித்தது. நிலையத்தின் முதல் இயக்குநர் கே.ராமையா, கோயமுத்தூர் நெல் நிலையத்தில் பழுத்த அனுபவம் உள்ளவர். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1954-ல் அங்கே சிறிது காலம் வேலை பார்த்ததும் இந்தக் கலப்பு ஆராய்ச்சியில்தான்.

திட்டம் பெரியது, பலன் சின்னது. கலப்புப் பயிர்களில் பெரும்பாலானவை பதராகப் போயின. தூரத்துச் சொந்தம் என்பதால் மணி பிடிக்கவில்லை. பல வருஷ உழைப்பில் தேறிய ரகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மலேசியாவில் மசூரி (அதுவே பிறகு இந்தியாவிலும் பரவியது), தமிழ்நாட்டில் ஆடுதுறை 27.

ஆடுதுறை 27-ன் பெற்றோரில் ஒன்று ஜப்பானின் நோரின் 10. இன்னொன்று கோயமுத்தூரின் ஜி.இ.பி. 24. இந்த இரண்டாவதுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1912-ல் ஆரம்பித்த கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கோணாமணி என்ற ரகத்துக்கு நடுவே தானாக மாறி நின்ற ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்தது அது. 1921-ல் வெளிவந்தது. சன்ன அரிசி, நல்ல சாப்பாடு. பெயரில் உள்ள மூன்று எழுத்து வேறொன்றும் இல்லை, "அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர்" என்ற பதவியின் ஆங்கிலச் சுருக்கம்!

பன்னிரண்டு ஜூனும் வடகிழக்குப் பருவமழையும்

தஞ்சாவூர் விவசாயிக்கு இந்த ரகம் ஏன் பிடித்தது? இங்கேயும் பதில் நாள் கணக்குதான்.

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு, டெல்டாவுக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் ஆயிற்று. இந்த ஏழரை மாதத்துக்குள் குறுவை, பிறகு தாளடி என்று இரண்டு போகம் எடுக்க வேண்டும். அல்லது நீண்ட சம்பா ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குறுவையை அக்டோபர் மழைக்கு முன்னால் அறுத்துவிட்டால்தான் இரண்டாவது நடவுக்கு நேரம் இருக்கும். ஹொக்கைடோவில் இரண்டு உறைபனிக்கு நடுவே இருந்த அதே அவசரம், இங்கே அணைத் தண்ணீருக்கும் அடைமழைக்கும் நடுவே.

ஆடுதுறை 27-க்கு சுமார் 105 நாள். உரம் போட்டால் விளைச்சல் ஏறும். கும்பகோணம் பக்கத்து ஆடுதுறை நிலையத்தில் சோதித்து, 1960களின் நடுவில் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 1966-ல் குறுவைப் பட்டம் முழுக்க அதைப் பரப்பும் வேலை மும்முரமாக நடந்தது. அதற்கான ஏற்பாடு ஏற்கனவே அங்கே இருந்தது. 1959-ல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிபுணர் குழு கொடுத்த அறிக்கையின்படி, 1960-ல் நாட்டில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொடுக்கும் "பேக்கேஜ்" திட்டத்தை ஆரம்பித்திருந்தார்கள். பஞ்சாபில் லூதியானா மாதிரி, தமிழ்நாட்டில் தஞ்சாவூர். அந்த மூட்டையில் சரியான விதை மட்டும்தான் குறைவாக இருந்தது. அது வந்து சேர்ந்தது.

வந்த நேரமும் அப்படி. 1965-66, 1966-67 இரண்டு வருஷமும் நாட்டில் கடும் வறட்சி. 1966-ல் மட்டும் ஏறக்குறைய 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் புதிய விதைகளை நம்பிப் பந்தயம் கட்டியது இந்த நெருக்கடியில்தான். சென்னையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி" என்று தி.மு.க. சொன்னது எவ்வளவு எடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் ஆரம்பித்தார்.

அடுத்தடுத்து வேறு ரகங்கள் வந்தன. 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து குட்டை ரகமான ஐ.ஆர். 8. பிறகு 1969-ல் ஐ.ஆர். 20. சம்பாவிலும் தாளடியிலும் பல வருஷம் கொடிகட்டிப் பறந்தது ஐ.ஆர். 20. அதற்குப் பூச்சியைத் தாங்கும் குணத்தைக் கொடுத்த பெற்றோர் எது தெரியுமா? டி.கே.எம். 6. அந்த மூன்று எழுத்து திரூர்க்குப்பத்தைக் குறிக்கும். திருநின்றவூரிலிருந்து திருவள்ளூர் போகும் வழியில், செவ்வாப்பேட்டை பக்கம் இருக்கும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம்தான்! டி.கே.எம். 6-க்குப் பெற்றோரில் ஒன்று அதே ஜி.இ.பி. 24. ஆக, ஆடுதுறை 27-ம் ஐ.ஆர். 20-ம் ஒரே பாட்டியின் வம்சம்.

நெல் வந்தது, களம் இல்லை

விளைச்சல் கூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? தஞ்சாவூர் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

குறுவை முற்றுவது செப்டம்பர் கடைசி, அக்டோபர். தண்ணீர் திறப்பு பத்து நாள் தள்ளிப்போனாலே அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும். நனைந்த நெல்லை அப்படியே குவித்து வைத்தால் சூடேறும், முளை விடும், அரிசி பழுப்பாகும். முன்பெல்லாம் குறுவை நெல் அளவாக வந்தது, வீட்டு முற்றமும் கோயில் பிராகாரமும் காயப்போடப் போதுமானதாக இருந்தன. இப்போது மாவட்டம் முழுக்க ஒரே சமயத்தில், ஒரே ரகம், ஈரத்தோடு களத்துக்கு வந்தது. காய வைக்க இடம் இல்லை. அரவை மில்களுக்கும் அந்த அளவுக்குத் திராணி இல்லை. விவசாயிக்கு ஒரே வழி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பமானது. 1972-ல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, பிறகு தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு காலேஜ். அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் நனைந்த குறுவை நெல்!

காமர்ஸ் பாடத்தில் உற்பத்தி என்றால் நிலம், உழைப்பு, மூலதனம் என்று படிப்பார்கள். இங்கே உற்பத்தி கூடிய அன்றைக்கே நஷ்டமும் கூடியது. நெல் வயலில் இருக்கும் வரைக்கும் அது பொருள் இல்லை. காய்ந்து, மூட்டை கட்டி, விலை போனால்தான் பொருள்.

யாருக்கு எத்தனை படி?

இன்னொரு கேள்வி அதைவிடக் கனமானது. கூடுதலாக வந்த நெல்லில் அறுத்தவருக்கு எவ்வளவு?

கிழக்குத் தஞ்சையில் நிலம் சிலர் கையில். வயலில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாத தலித் மக்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அறுவடைக் கூலி நெல்லாகவே அளந்தார்கள், ஒரு கலத்துக்கு இத்தனை படி என்று. விளைச்சல் கூடியதும் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து அளவைக் கூட்டிக் கேட்டார்கள். நில உடைமையாளர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். அறுவடைக்கு அறுவடை மோதல் முற்றியது.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் தீயில் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள். அரசு கணபதியா பிள்ளை கமிஷனை அமைத்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

வெண்மணிக்கு விதைதான் காரணம் என்று சொன்னால் அது தப்பு. சாதியும் நில உடைமையும் விதைக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. ஆனால் களத்தில் குவியல் பெரிதான அதே வருஷங்களில், மரக்கால் மட்டும் பழைய மரக்காலாகவே இருந்தது என்பதும் உண்மை. விதையை மாற்றுவதற்கு ஆராய்ச்சி நிலையமும் கடனும் உரமும் தயாராக இருந்தன. அளவை மாற்றுவதற்கு ஒரு சட்டம் வர 44 உயிர் போக வேண்டியிருந்தது.

இன்று

ஆடுதுறை 27 இப்போது வயலில் இல்லை. அதன் இடத்துக்கு ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று தம்பிகள் வந்துவிட்டன. பழைய தஞ்சாவூர் ஜில்லாவும் பிரிந்து தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று நான்கு மாவட்டம் ஆகிவிட்டது. கதிர் அறுக்கும் மெஷின் வந்துவிட்டது.

ஆனால் மழை மாறவில்லை. அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. குறுவை அறுவடையில் மழை பிடித்தால் ரோட்டிலேயே நெல்லைக் கொட்டிக் கிளறிக் காய வைப்பார்கள். வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். டிவியில் முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக் காட்டுவார்கள்.

அதைப் பார்க்கும்போது "விவசாயி புலம்புகிறார்" என்று சேனலை மாற்றிவிட வேண்டாம். 105 நாளில் விளையும் நெல்லைக் கொடுக்க ஜப்பான், கோயமுத்தூர், கட்டாக், ஆடுதுறை என்று அத்தனை ஊர் சேர்ந்து உழைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நெல்லைக் காய வைக்க வேண்டிய பத்து நாளுக்குத்தான் அவர் இடம் கேட்கிறார்.